மெட்ராஸ் ஐ குற்றமில்லை என்றால் சீன வைரஸ் மட்டும் குற்றமா?

கேள்வி இது: "கண் சிவந்து பீளை கட்டினால் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறோம். சென்னைக்காரர் எவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஸ்பானிய ஃப்ளூ என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. ‘சீன வைரஸ்’ என்றால் மட்டும் இனவெறி என்று ஏன் பாய்கிறார்கள்? நோய்க்கு ஊர்ப் பெயரோ நாட்டுப் பெயரோ வைப்பது உண்மையிலேயே இனவெறியா?"

நியாயமான கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர் தாங்கிய நோய்ப்பெயர்களில் பெரும்பாலானவை வெறுப்பில் பிறந்தவை அல்ல, சோம்பலில் பிறந்தவை. எங்கே முதலில் கண்ணில் பட்டதோ அந்த ஊரின் பெயரை எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பெயர் கெடுவது பிறகுதான். அந்தப் பெயரைத் தன் முகத்திலோ பேச்சிலோ சுமந்துகொண்டு, உங்கள் தெருவில் சிறுபான்மையாக வாழும் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதே பெயர் அவர்மீது எறியும் கல் ஆகிவிடும். இல்லாவிட்டால் வெறும் பெயராகக் கிடக்கும்.

மெட்ராஸ் ஐயையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் பணியாற்றிய கண் மருத்துவர் கிர்க்பாட்ரிக், இங்கே பரவிய கண்ணழற்சியைப் பற்றி 1920-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பெரும்பாலும் அடினோவைரஸ் செய்யும் வேலை அது. உலகில் எந்த ஊரிலும் வரும். 1996-இல் மாநகரத்தின் பெயரே சென்னை என்று மாறிவிட்டது. நோய் மட்டும் பழைய பெயரை விடவில்லை. மழைக்காலத்தில் கருப்புக் கண்ணாடி போட்டவர் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறோம். (பார்த்தாலே தொற்றும் என்பது கட்டுக்கதை. கையும் கைக்குட்டையும் துண்டும்தான் அதைப் பரப்புகின்றன.) ஆனால் ஒதுங்கும்போது அவர் சென்னைக்காரரா மதுரைக்காரரா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயருக்கு வலிக்கிற உடம்பு இல்லை.

இதே போன்ற கண்நோய்க்கு வங்காளத்தில் வேறு பெயர் உண்டு: "ஜய் பாங்ளா". 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். கூடவே ரத்தக்கசிவுடன் கூடிய கண்ணழற்சி ஒன்றும் முகாம்களிலும் கொல்கத்தாவிலும் பரவியது. விடுதலைப் போராளிகளின் முழக்கம் "ஜய் பாங்ளா", அதாவது வங்கம் வெல்க. அதையே நோய்க்குப் பெயராக்கினார்கள் ஊர்க்காரர்கள். பாதி கேலி, பாதி எரிச்சல். வீடு இழந்து, உறவு இழந்து வந்தவர்களின் உயிர்மூச்சான முழக்கம், எல்லைக்கு இந்தப் பக்கம் கண்பீளையின் பெயரானது. இன்றைக்கு அதைச் சொல்கிறவர்கள் பலருக்கு அகதிகள் நினைவே இருக்காது. ஆனால் 1971-இல் முகாமில் இருந்த ஒருவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

ரத்தக்கசிவுடன் வரும் அந்த வகைக் கண்நோய் 1969-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில்தான் முதலில் பெரிதாக வெளிப்பட்டது. அப்போலோ 11 நிலவில் இறங்கிய சமயம் அது. அங்கே மக்கள் அதற்கு "அப்போலோ" என்று பெயரிட்டார்கள். நிலவிலிருந்து வந்தது என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு. இந்தப் பெயரால் காயப்பட்டவர் எவரும் இல்லை. நிலவில் அகதிகள் இல்லையே.

அடுத்து ஒரு பழைய கதை. இதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு.

பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸின் படை 1494–95-இல் இத்தாலிக்குள் புகுந்து நேப்பிள்ஸ் வரை போனது. அந்தப் படையோடு சேர்ந்து சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் அதைப் "பிரெஞ்சு நோய்" என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் "நேப்பிள்ஸ் நோய்" என்றார்கள். ரஷ்யர்களுக்கு அது "போலந்து நோய்". போலந்துக்காரர்களுக்கு "ஜெர்மன் நோய்". யாருக்கு யார் எதிரியோ, யார் பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் பெயர். "அது உன் ஊர்ச் சரக்கு" என்று ஒரு கண்டமே ஒருவரை நோக்கி ஒருவர் கைகாட்டிக்கொண்டு நின்றது. இப்போது நாம் சொல்லும் சிபிலிஸ் என்ற பெயர், வெரோனா மருத்துவர் ஃப்ராகாஸ்தோரோ 1530-இல் எழுதிய கவிதையில் வரும் ஓர் இடையனின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் கவிதையின் தலைப்பிலும் "பிரெஞ்சு நோய்" ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

போர்த்துக்கீசியக் கப்பல்களோடு நோய் இந்தியாவுக்கும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் அதைப் "பிரங்க ரோகம்" என்கிறது. தமிழில் "பறங்கிப்புண்". ஐரோப்பியரைக் குறிக்க அரபு வணிகர்கள் சொன்ன "ஃபராஞ்சி" நம் வாயில் "பறங்கி" ஆனது. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை எல்லாம் அந்தச் சொல் விட்டுப்போன தடங்கள். இந்தப் புண்ணுக்குக் கொடுத்த மருந்துக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர். இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். அது உண்மையில் சீனத்திலிருந்து வந்த வேர். போர்த்துக்கீசியர்களே அதைச் "சீன வேர்" என்றுதான் அழைத்தார்கள். கொண்டுவந்தவன் பறங்கி என்பதால் மருந்தும் பறங்கி ஆகிவிட்டது. ஆக, நோய்க்கும் அவன் பெயர், மருந்துக்கும் அவன் பெயர்.

பறங்கிப்புண் என்று சொன்ன நம் முன்னோர்கள் இனவெறியர்களா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பீரங்கியோடு வந்து துறைமுகங்களைப் பிடித்துக்கொண்டவனைப் பார்த்து, எதிர்க்க வழியில்லாதவன் வைத்த பெயர் அது. அந்தப் பெயரால் எந்தப் பறங்கியும் ஊரைவிட்டு விரட்டப்படவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. போர்த்துக்கீசியர்களும் டச்சுக்காரர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களின் கலப்பு வழிவந்த சிறிய சமூகம் இலங்கையில் தங்கிவிட்டது. மட்டக்களப்பில் இன்றும் வாழும் அந்த மக்களுக்குத் தமிழில் பறங்கியர் என்றுதான் பெயர். அதே இலங்கையில், தோலில் புண் கிளப்பும் யாஸ் என்ற வேறொரு நோய்க்கும் "பறங்கி" என்றே பெயர் வழங்கியது. ஆளுகிறவனை நோக்கி எய்த அம்பு, அவன் கப்பலேறிப் போன பிறகு, கையில் அதிகாரம் ஏதும் இல்லாத சில ஆயிரம் பேர் நடுவே வந்து விழுந்துகிடக்கிறது. பெயர் மாறவில்லை, எழுத்துகூட மாறவில்லை. யார் மேலே, யார் கீழே என்பதுதான் மாறியது.

சந்தேகத்துக்கு இடமே இல்லாத இனவெறிப் பெயர்களும் உண்டு. டவுன் நோய்க்குறி என்று இன்று சொல்வதற்கு நூறாண்டுக் காலம் மருத்துவ நூல்களில் இருந்த பெயர் "மங்கோலிசம்". ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-இல், மனவளர்ச்சி குன்றியவர்களை இனவாரியாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்து, ஐரோப்பியப் பெற்றோருக்கு மங்கோலியச் சாயலில் பிள்ளை பிறப்பது ஒருவகைச் சரிவு என்பதுபோல விளக்கம் கொடுத்தார். இங்கே பெயர் மட்டும் தவறில்லை. பெயருக்குப் பின்னால் இருந்த கோட்பாடே இனங்களை மேல் கீழ் என்று அடுக்குவது. 1959-இல் லெஜூன் முதலியோர் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று காட்டினார்கள். 1961-இல் பெயரை மாற்றும்படி லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதிய நிபுணர்களில் டவுனின் பேரனும் ஒருவர். 1965-இல் மங்கோலிய நாடே உலக சுகாதார அமைப்பிடம் முறையிட்ட பிறகுதான் அந்த அமைப்பு பெயரைக் கைவிட்டது. ஒரு நாட்டு மக்கள் தங்கள் பெயரை ஒரு குறைபாட்டிடமிருந்து கேட்டு வாங்கவேண்டி வந்தது.

உங்கள் கேள்வி இனவெறி பற்றியது. என்னைக் கேட்டால், ஊர்ப் பெயர் வைப்பதால் வரும் பெரிய கேடு வேறு ஒன்று. அது, உண்மை சொன்னவனைத் தண்டிக்கிறது.

1918-ஐ நினைத்துப் பாருங்கள். உலகப் போரில் இருந்த நாடுகளில் பத்திரிகைத் தணிக்கை. படைவீரர்கள் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுவதை எழுத முடியாது. ஸ்பெயின் போரில் சேரவில்லை. அங்கே பத்திரிகைகள் எழுதின. மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவே படுத்துவிட்டார் என்பதையும் எழுதின. உலகம் அதைப் படித்துவிட்டு "ஸ்பானிய ஃப்ளூ" என்றது. ஆரம்பகாலப் பதிவுகளில் முக்கியமானது அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் கான்சஸ் மாநில ராணுவ முகாமில் கண்டது. கான்சஸ் ஃப்ளூ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஸ்பெயின்காரர்கள் தங்கள் பங்குக்கு அதை "நேப்பிள்ஸ் சிப்பாய்" என்றார்கள். மாட்ரிட்டில் அப்போது எல்லார் வாயிலும் இருந்த ஒரு மேடைப்பாட்டின் பெயர் அது. பாட்டைப் போலவே நோயும் தொற்றிக்கொள்கிறது என்ற கிண்டல்.

இதே கதை நூறு ஆண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 2021 நவம்பர் 24 அன்று கொரோனாவின் புதிய திரிபை அந்நாடு உலக சுகாதார அமைப்பிடம் அறிவித்தது. அங்கே மரபணு வரிசை பார்க்கும் ஆய்வகங்கள் நன்றாக இயங்கியதால்தான் அவ்வளவு விரைவில் கண்டுபிடிக்க முடிந்தது. பாராட்டாகக் கிடைத்தது விமானத் தடை. சில நாள் கழித்து நெதர்லாந்து, தன்னிடம் நவம்பர் 19 அன்றே எடுத்த மாதிரியில் அந்தத் திரிபு இருந்ததாகச் சொன்னது. நல்லவேளை, அதற்குள் ஒமிக்ரான் என்ற கிரேக்க எழுத்து வந்துவிட்டது. இல்லையென்றால் இன்னொரு "தென்னாப்பிரிக்கத் திரிபு" உலவியிருக்கும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் என்டிஎம்-1. வலிமையான கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளையும் உடைத்துப்போடும் நொதி அது. 2008-இல் ஸ்வீடனில் வாழ்ந்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் கண்டார்கள். அவர் அதற்கு முன் தில்லியில் சிகிச்சை பெற்றிருந்தார். "நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்" என்று பெயரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த பெரிய ஆய்வு சென்னை, ஹரியானா, பிரிட்டன் எனப் பல இடங்களின் மாதிரிகளைப் பேசியது; அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. தில்லியில் கொந்தளிப்பு. இந்திய மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றார்கள். லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் பெயர் விஷயத்தில் தவறு நேர்ந்தது என்று வருத்தம் தெரிவித்தார்.

இதில் இரண்டு பக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்தத் துறையில் இதே வகை நொதிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது வழக்கமாகவே இருந்தது. வெரோனா பெயரில் ஒன்று, சாவோ பாலோ பெயரில் ஒன்று, சியோல் பெயரில் ஒன்று. வெரோனாவில் யாரும் கொடிபிடிக்கவில்லை. அப்படியிருக்க நாம் மட்டும் ஏன் துள்ளினோம்? காரணம் உண்டு. வெரோனா என்றதும் உலகத்தார் மனத்தில் அழுக்கும் சாக்கடையும் வருவதில்லை. தில்லி என்றால் வருகிறது. "ஆசியக் காலரா" என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கக் கேட்ட பெயரின் வாடை அது. போதாக்குறைக்கு, அறுவைசிகிச்சைக்காக இந்தியா போவதைப் பற்றிய எச்சரிக்கையும் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. ஆகவே கோபம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2011 ஏப்ரலில் அடுத்த ஆய்வு வந்தது. தில்லியில் தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171-இல் 51, குழாய்நீர் மாதிரிகள் 50-இல் 2 ஆகியவற்றில் அந்த மரபணு இருந்தது. அதற்கும் மறுப்பறிக்கைதான் கிடைத்தது. பெயருக்காகப் போட்ட சண்டையில் பாதியைக் குழாய்க்காகப் போட்டிருக்கலாம்.

பெயரிடுகிறவர்களுக்கு மனசாட்சி உறுத்திய சந்தர்ப்பங்களும் உண்டு. 1976-இல் அன்றைய சயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் யாம்புக்கு கிராமத்தில் ஒரு கொடிய ரத்தக்கசிவுக் காய்ச்சல் பரவியது. கிராமத்தின் பெயரை வைத்தால் அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஆய்வுக்குழுவினர் தயங்கினார்கள். நைஜீரியாவின் லாசா ஊருக்கு அப்படித்தான் நேர்ந்திருந்தது. வரைபடத்தில் அருகில் தெரிந்த ஆற்றின் பெயரை எடுத்தார்கள்: எபோலா. அது அருகில் உள்ள ஆறுகூட இல்லை என்பது பிறகு தெரிந்தது. கிராமம் தப்பித்தது, ஆனால் 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அதோடு தொடர்பே இல்லாத ஆப்பிரிக்க நாட்டுக்காரர்களையும் உலகம் சந்தேகத்தோடு பார்த்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மார்பர்க் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகர ஆய்வக ஊழியர்களிடம் வெளிப்பட்டது. ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது. ஜெர்மானியர் எவரையாவது அதைச் சொல்லி விமானத்தில் தள்ளி உட்காரச் சொன்னதுண்டா?

அமெரிக்காவில் 1993-இல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் முனையில், எலிகளால் பரவும் ஹான்டா வைரஸ் ஒன்று பலரைக் கொன்றது. முதலில் இறந்தவர்களில் நவஹோ பழங்குடியினர் இருந்ததால் "நவஹோ ஃப்ளூ" என்று பத்திரிகைகள் எழுதின. உணவகங்களிலும் கடைகளிலும் நவஹோ மக்களைத் தொடவே அஞ்சினார்கள். உண்மையில், பைன் கொட்டை அதிகம் விளைந்த ஆண்டில் எலி பெருகும், எலி பெருகினால் சாவு வரும் என்று துப்புக் கொடுத்தவர்களே அந்தச் சமூகத்தின் பெரியவர்கள்தாம். விஞ்ஞானிகள் சொன்ன ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் அங்கிருந்தவர்கள் மறுத்தார்கள். கடைசியில் வைத்த பெயர் "சின் நோம்ப்ரே". ஸ்பானிய மொழியில் "பெயரில்லாதது" என்று பொருள்.

இனி சீன வைரஸ். 2020 ஜனவரியில் சீனப் பத்திரிகைகளே "வூஹான் நிமோனியா" என்றுதான் எழுதின. விளைவு, வூஹான்காரர்களைச் சீனத்திலேயே விடுதிகளில் சேர்க்க மறுத்தார்கள். அங்கே இனம் ஒன்றுதான், ஆனாலும் பெயர் வேலை செய்தது. உலக சுகாதார அமைப்பு பிப்ரவரி 11 அன்று கோவிட்-19 என்ற பெயரை அறிவித்தது. இடப்பெயர், ஆட்பெயர், விலங்குப்பெயர், தொழில்பெயர் வேண்டாம் என்று 2015-இலேயே அவர்கள் வகுத்த வழிகாட்டுதலின்படி வந்த பெயர் அது. அதிபர் டிரம்ப் "சீன வைரஸ்" என்று சொல்லத் தொடங்கியது மார்ச் நடுவில். அதாவது, பெயர் தெரியாமல் சொன்னதல்ல. பெயர் இருக்கும்போதே வேண்டுமென்று தேர்ந்துகொண்டது. அதுவும் ஆசிய முகங்களோடு கோடிக்கணக்கானோர் சிறுபான்மையாக வாழும் நாட்டில், அதன் தலைவர் வாயிலிருந்து. 1920-இல் கிர்க்பாட்ரிக் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

பெயர் ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே மார்ச்சில் தில்லியில் மணிப்பூர்ப் பெண் ஒருவர்மீது எச்சில் துப்பியவன் "சீன வைரஸ்" என்று கத்தவில்லை. "கொரோனா" என்றுதான் கத்தினான். வடகிழக்கு மக்கள் இப்படித் தாக்கப்படுவதைத் தடுக்கும்படி மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. தமிழ்நாட்டில் மே மாதம், தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைப் பல கிராமங்கள் எப்படிப் பார்த்தன என்பதையும் மறந்துவிட முடியாது. சில வாரங்களுக்குக் "கோயம்பேடு" என்பதே ஒரு நோயின் பெயர்போல ஒலித்தது.

நம் அரசின் இரட்டை நாக்கையும் சொல்லியாகவேண்டும். 2021 தொடக்கத்தில் பிரிட்டன் திரிபு, தென்னாப்பிரிக்கத் திரிபு, பிரேசில் திரிபு என்று நம் சுகாதார அமைச்சகத்தின் அறிக்கைகளே தினமும் எழுதிக்கொண்டிருந்தன. மே மாதம் "இந்தியத் திரிபு" என்று உலகம் சொன்னதும், அந்தச் சொல் வரும் பதிவுகளை எல்லாம் நீக்கும்படி சமூக வலைத்தள நிறுவனங்களுக்குக் கடிதம் பறந்தது. மே 31 அன்று டெல்டா என்ற எழுத்து வந்து மானத்தைக் காப்பாற்றியது. தன் காலில் முள் குத்தும்வரை ஊர்ப் பெயரில் தவறு தெரிவதில்லை.

முள் என்றதும் மதுரை நினைவுக்கு வருகிறது. வெறுங்காலில் முள் தைத்து, மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய்ப் பாதம் வீங்கிப் புரையோடும் நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் "மதுரா ஃபுட்" என்று பெயர். 1842-இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையிலிருந்து அதைப் பதிவு செய்தார். 1860-இல் வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் மைசீட்டோமா என்று பெயர் வைத்த பிறகும் ஊர்ப் பெயர் போகவில்லை. பூஞ்சைக்கே மதுரெல்லா என்று சூட்டிவிட்டார்கள். இன்று அந்த நோய் மிக அதிகம் வாட்டுவது சூடான் நாட்டு விவசாயிகளை. இதில் இனவெறி இல்லை, ஆனால் ஒரு பிழை இருக்கிறது. செருப்பில்லாத ஏழ்மையின் நோயை ஓர் ஊரின் நோய் என்று பெயர் சொல்கிறது. உலக சுகாதார அமைப்பு அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016-இல்தான்.

பழைய பெயர்களை எல்லாம் துடைத்து எறியவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2015 வழிகாட்டுதலும் புதுப் பெயர்களுக்குத்தான். நல்ல பெயருக்கு மாதிரி வேண்டுமென்றால் சிக்குன்குனியாவைப் பாருங்கள். தான்சானியப் பகுதியின் மகொண்டே மொழிச் சொல்; உடம்பு வளைந்து முறுக்கிக்கொள்வது என்று பொருள். மூட்டுவலியில் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் தேட முடியாது. எந்த ஊரையும் அது காட்டிக்கொடுக்கவில்லை. மெட்ராஸ் ஐ என்று தாராளமாகச் சொல்லுங்கள், சென்னைக்காரனான நானும் சொல்கிறேன். கொல்கத்தா போனால் ஜய் பாங்ளா என்று சொல்லமாட்டேன். கண் சிவந்திருக்கிறது என்று மட்டும் மருந்துக் கடையில் சொன்னால் போதும், சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.